கோப்பு மாறவில்லை என்பதை எப்படி அறிவது?

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் பழைய நிக்காஹ் பதிவேடுகள் சில இருக்கின்றன. மூத்தவர்கள் அவற்றைக் கடுத்தப் புத்தகம் என்பார்கள். மை மங்கி, ஓரங்களைப் பூச்சி அரித்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டதால் சில வருடங்களுக்கு முன் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து அவற்றை ஸ்கேன் செய்தோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். இரண்டு ஹாட் டிஸ்க்குகளில் பிரதி எடுத்து ஒன்றைப் பள்ளிவாசல் காரியாலயத்தில் வைத்தோம். மற்றதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும், 2004 சுனாமியில் வீடு இழந்தவர்களும் ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல் எத்தனை காரியாலயங்களில் ஏறி இறங்கினார்கள் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். இனி அந்தக் கவலை எமக்கில்லை என்று அன்று நினைத்துக்கொண்டோம்.

சென்ற வருடம் கட்டாரில் தொழில் செய்யும் எமது ஊர்க்காரர் ஒருவர் தனது மூத்தம்மாவின் நிக்காஹ் பதிவின் பிரதியைக் கேட்டார். காணி விடயம் ஒன்றுக்குத் தேவைப்பட்டதாம். காரியாலயத்து டிஸ்க்கில் அந்தப் படத்தைத் திறந்தால் மேல் பாதி ஒழுங்காக இருந்தது. கீழ்ப் பாதி முழுவதும் சாம்பல் நிறம். அல்ஹம்துலில்லாஹ், என்னிடமிருந்த பிரதி முழுமையாக இருந்தது. அதை அனுப்பிவைத்தோம்.

விடயம் அதோடு முடியவில்லை. ஒன்று இப்படி ஆகியிருந்தால் மற்றவை? இரண்டு டிஸ்க்குகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பதினேழு படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நான்கு வெளிப்படையாகவே சேதமடைந்தவை. மற்றப் பதின்மூன்றும் இரண்டு பக்கமும் அழகாகத் திறந்தன. "காக்கா, ரெண்டும் திறக்குதுதானே, பிறகென்ன பிரச்சினை?" என்றார் எங்களோடு ஸ்கேன் செய்த தம்பி. பிரச்சினை இதுதான்: யாரோ ஒருவர் படத்தைத் திருப்பிப் பார்ப்பதற்காகச் சுழற்றி, சேமித்தும் விட்டிருக்கிறார். சிலவற்றில் ஓரத்தை வெட்டியும் இருக்கிறார். சாட்சிகளின் கையொப்பமும் பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகளும் பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் இருக்கும். எது ஸ்கேன் செய்த அன்று இருந்த படம், எது பிறகு மாற்றியது? சில இடங்களில் பார்வைக்கே தெரிந்தது. சில இடங்களில் தெரியவில்லை. மூன்று பக்கங்களுக்கு மூலப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது அந்த ஓரமே உதிர்ந்து போயிருந்தது. யார் செய்தது என்று தேடுவதில் பயனில்லை, நானாகவும் இருக்கலாம்.

இரண்டு பிரதிகள் இருந்தால் போதும் என்ற எண்ணம் எங்கே தவறியது என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். இரண்டு பிரதிகள் முரண்பட்டால், முரண்படுகின்றன என்பது மட்டும்தான் தெரியும். எது சரி என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று வேண்டும். அது ஸ்கேன் செய்த அன்றே எழுதிவைத்த ஒரு குறிப்பாக இருக்க வேண்டும். அந்தக் குறிப்புக்குத்தான் செக்சம் என்று பெயர். அதை எடுக்கத் தேவையான கருவி உங்கள் கணனியிலேயே இப்போதும் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கவோ எங்கிருந்தாவது தரவிறக்கவோ தேவையில்லை.

செக்சம் என்பதன் எளிய வடிவம் ஒன்று எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஏதாவதொரு புத்தகத்தின் பின்னட்டையில் 978 என்று தொடங்கும் பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைப் பாருங்கள். இலங்கையில் வெளியான பல புத்தகங்களில் அடுத்து 955 இருக்கும். அதன் கடைசி இலக்கம் புத்தகத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முதல் பன்னிரண்டு இலக்கங்களையும் மாறி மாறி 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைப் பத்தின் மடங்காக்கத் தேவையான இலக்கம் அது. எண்ணைத் தட்டும்போது ஓர் இலக்கத்தைப் பிழையாக அடித்துவிட்டால் இந்தக் கணக்கு ஒத்துவராது. கணனி உடனே சொல்லிவிடும்.

கோப்புக்குச் செய்வதும் இதே வேலைதான், மிகப் பெரிய அளவில். இன்று பரவலாகப் பாவிக்கப்படும் எஸ்எச்ஏ-256 என்ற முறை ஒரு கோப்பின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை 64 பைட் 64 பைட்டாக வாசித்து, கலக்கி, இறுதியில் 64 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைத் தரும். 0 முதல் 9 வரையான இலக்கங்களும் ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்துகளும் மட்டுமே அதில் வரும். கோப்பு ஒரு வரிக் கடிதமாக இருந்தாலும் இரண்டு மணித்தியால வீடியோவாக இருந்தாலும் விடை 64 எழுத்துகள்தான். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த 64 எழுத்துகளும் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். சாத்தியமான விடைகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 78 இலக்க எண். எனவே இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்குத் தற்செயலாக ஒரே விடை வருமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். செக்சம் கோப்பின் உள்ளடக்கத்தை மட்டுமே பார்க்கும். கோப்பின் பெயரை மாற்றினாலும் வேறு போல்டருக்கு நகர்த்தினாலும் செக்சம் மாறாது. மறுபக்கம், கண்ணுக்கு ஒரே படமாகத் தெரிவது அதற்கு ஒன்றாகத் தெரியாது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கையடக்கத் தொலைபேசியிலுள்ள ஒரு படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்புங்கள். அதே படத்தை ஆவணமாக, அதாவது டொகியூமண்ட் என்ற வழியாகவும் அனுப்புங்கள். ஆவணமாக வந்ததன் செக்சம் மூலத்தோடு ஒத்திருக்கும். படமாக வந்தது ஒத்திருக்காது, ஏனெனில் வட்ஸ்அப் அதைச் சுருக்கி வேறொரு கோப்பாகவே ஆக்கிவிடுகிறது. முக்கியமான பத்திரங்களைப் படமாக அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடுகிற வழக்கம் எம்மில் பலருக்கு இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

இனிச் செய்முறை. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணனியில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். விண்டோஸ் பாவிப்பவர்கள் குறித்த கோப்பு இருக்கும் போல்டரைத் திறந்து, மேலே போல்டரின் முகவரி தெரியும் பட்டியில் அழுத்தி, அங்கே சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் ஒரு கறுப்புத் திரை வரும். பயப்பட ஒன்றுமில்லை. அதில் "செர்ட்யூட்டில்" என்று தட்டுங்கள்: சி, ஈ, ஆர், டி, யூ, டி, ஐ, எல். ஓர் இடைவெளி. பிறகு ஒரு சிறு கோடு, கோட்டோடு ஒட்டி "ஹாஷ்ஃபைல்". மீண்டும் இடைவெளி, கோப்பின் பெயர், இடைவெளி, கடைசியாக எஸ், எச், ஏ, 256. கோப்பின் பெயரை முழுவதும் தட்டத் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டி டாப் விசையை அழுத்தினால் மீதியைக் கணனியே நிரப்பும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறியையும் அதுவே போட்டுக்கொள்ளும்.

கடைசியில் வரும் எஸ், எச், ஏ, 256 என்பதை முழுவதுமாக மறந்துவிட்டால் கணனி பிழை என்று சொல்லாது. பழைய எஸ்எச்ஏ-1 முறையில் கணக்கிட்டு 40 எழுத்துகளைத் தந்துவிடும். "ஒத்துப்போகவில்லையே" என்று நான் ஒரு மாலை முழுவதும் மண்டையை உடைத்துக்கொண்டது இதனால்தான். முதலில் நீளத்தைப் பாருங்கள்: 32 எழுத்தென்றால் எம்டி5, 40 என்றால் எஸ்எச்ஏ-1, 64 என்றால் எஸ்எச்ஏ-256, 128 என்றால் எஸ்எச்ஏ-512. முறை வேறானால் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

விண்டோஸிலேயே பவர்ஷெல் என்ற நீலத் திரையும் இருக்கிறது. அதில் "கெட்-ஃபைல்ஹாஷ்" என்று தட்டி, இடைவெளி விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும்; கேட்காமலேயே எஸ்எச்ஏ-256 தரும். அது பெரிய எழுத்துகளில் வரும், மற்றக் கருவிகள் சிறிய எழுத்துகளில் தரும். இது வித்தியாசமல்ல. மெக் கணனியில் டேர்மினலைத் திறந்து "ஷாசம்", இடைவெளி, சிறு கோடும் ஏ எழுத்தும், இடைவெளி, 256, இடைவெளி, கோப்பின் பெயர். லினக்ஸில் எஸ், எச், ஏ, 256, எஸ், யூ, எம் ஆகியவற்றை இடைவெளியில்லாமல் சேர்த்துத் தட்டிக் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். அன்ட்ரொய்ட் தொலைபேசியில் டேர்மக்ஸ் என்ற செயலி இருந்தால் அதிலும் இதே லினக்ஸ் கட்டளை வேலை செய்யும்.

ஒரு கோப்புக்கு இது போதும். ஆயிரம் கோப்புகளுக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட முடியுமா? இங்கேதான் லினக்ஸ் கருவியின் அருமை தெரிகிறது. கோப்பின் பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டு, அதன் பின் வலப்பக்கம் பார்க்கும் அம்புக் குறியும் ஒரு பெயரும் கொடுத்தால், அந்த போல்டரிலுள்ள எல்லாக் கோப்புகளின் செக்சங்களும் ஒரு சிறு உரைக் கோப்பாகப் பட்டியலாகிவிடும். ஒரு வரிக்கு ஒரு கோப்பு: முதலில் 64 எழுத்து, பிறகு பெயர். அடுத்த வருடம் அதே கட்டளையோடு சிறு கோடும் சி எழுத்தும் சேர்த்துப் பட்டியலின் பெயரைக் கொடுங்கள். அது பட்டியலை வாசித்து, ஒவ்வொரு கோப்பையும் புதிதாகக் கணக்கிட்டு, சரியானதற்கு நேரே "ஓகே" என்றும் மாறியதற்கு நேரே "ஃபெயில்ட்" என்றும் எழுதும். இரண்டு சிறு கோடுகளோடு "குவைட்" என்று சேர்த்தால் பிழையானவற்றை மட்டும் காட்டும். ஆயிரம் "ஓகே"களுக்கு நடுவே ஒன்றைத் தேடும் வேலை மிச்சம்.

விண்டோஸில் பவர்ஷெல்லின் மூன்று கட்டளைகளைச் செங்குத்துக் கோட்டால் இணைத்து இதே பட்டியலை எக்செலில் திறக்கக்கூடியவாறு எடுக்கலாம். ஆனால் பட்டியலை வாசித்துத் தானே சரிபார்க்கும் வசதி அதில் கிடையாது. "கிட் ஃபோர் விண்டோஸ்" என்ற இலவச மென்பொருளை நிறுவினால் அதோடு லினக்ஸின் செக்சம் கருவியும் வந்துவிடுகிறது; நாங்கள் அதைத்தான் பாவிக்கிறோம்.

அனுபவத்தில் கற்ற மூன்று விடயங்களையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரக் குறி உள் போல்டர்களுக்குள் நுழையாது; எனவே ஒவ்வொரு பதிவேட்டின் போல்டருக்கும் தனிப் பட்டியல் எடுத்தோம். பட்டியலை அதே போல்டருக்குள் வைத்தால், அடுத்த முறை பட்டியல் எடுக்கும்போது அதுவும் ஒரு கோப்பாகக் கணக்கில் சேர்ந்து வீண் குழப்பம் தரும், வெளியே வையுங்கள். மூன்றாவது முக்கியமானது: பிரதி எடுத்த கையோடு சரிபார்த்தால், கணனி டிஸ்க்கை வாசிக்காமல் தன் நினைவகத்தில் மீந்திருப்பதையே வாசித்து "ஓகே" சொல்லக்கூடும். டிஸ்க்கை முறைப்படி கழற்றி, மீண்டும் பொருத்திவிட்டுச் சரிபாருங்கள். வினாடிக்கு 100 மெகாபைட் வாசிக்கும் டிஸ்க்கில் ஒரு டெராபைட் நிறைந்திருந்தால் மூன்று மணித்தியாலம் அளவில் எடுக்கும். அஸர் தொழுகைக்குப் போகுமுன் போட்டுவிட்டால் இஷாவுக்கு முன் முடிந்திருக்கும்.

ஆவணக் காப்பகங்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும் கலிபோர்னியா டிஜிட்டல் நூலகமும் உருவாக்கிய பேக்இட் என்ற முறை 2018இல் இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவே வெளியிடப்பட்டது. பெயர்தான் பெரிது. கோப்புகள் ஒரு போல்டரில், அவற்றின் செக்சம் பட்டியல் வெளியே ஓர் உரைக் கோப்பில் என்பதே அதன் சாராம்சம். ஊர்தோறும் பழைய நூல்களையும் அரபுத் தமிழ்ப் பிரதிகளையும் ஸ்கேன் செய்கிற ஆர்வம் வளர்ந்திருப்பது மகிழ்ச்சியான விடயம். ஆனால் பட்டியல் இல்லாமல் நிறுத்திக்கொள்கிற ஸ்கேன் வேலையை நான் பாதி வேலை என்றே சொல்வேன். எங்களுடையதும் பாதி வேலையாகத்தான் இருந்தது.

இதுவரை சொன்னது தற்செயலாக நேரும் சேதம். யாராவது வேண்டுமென்றே கோப்பை மாற்றினால்? இணையத்திலிருந்து மென்பொருள் தரவிறக்குபவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் பலரும் நிறுவிக்கொள்ளும் இலவச இயங்குதளம். 2016 பெப்ரவரி 20ஆம் திகதி அதன் இணையத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், தரவிறக்க இணைப்பைப் பல்கேரியாவிலிருந்த ஒரு சேர்வருக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கே பின்கதவு வைக்கப்பட்ட 17.3 சினமன் பதிப்பு காத்திருந்தது. மறுநாளே நிறுவுனர் கிளெமென்ட் லெஃபெவ்ர் விடயத்தைப் பகிரங்கப்படுத்தி, சரியான செக்சங்களை வெளியிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். தரவிறக்கிய கோப்பை நிறுவுவதற்கு முன் ஒரு வரிக் கட்டளையைத் தட்டியவர் தப்பித்தார்.

உண்மையில் அப்படித் தட்டியவர்கள் எல்லோரும் தப்பித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஊடுருவியவர் பிறகு செய்தியாளர் ஒருவரிடம், தளத்திலிருந்த செக்சத்தையும் மாற்றிவிட்டதாகக் கூறினார்; அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று ஏளனமும் செய்தார். கோப்பும் செக்சமும் ஒரே பக்கத்தில் இருந்தால், கோப்பை மாற்றக்கூடியவர் செக்சத்தையும் மாற்றலாம். அப்போது இரண்டும் கச்சிதமாக ஒத்துப்போகும். கடைக்காரர் தராசையும் படிக்கல்லையும் சேர்த்தே மாற்றிவிட்டால் எடை சரியாகத்தான் காட்டும்.

இதற்கு மாறான ஒரு சம்பவமும் உண்டு. வீடியோக்களை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளுக்கு இரண்டு தரவிறக்க சேர்வர்கள் இருந்தன. 2017 மே 2 முதல் 6 வரை அவற்றில் ஒன்றில் மட்டும் மெக் கணனிக்கான கோப்பு மாற்றப்பட்டிருந்தது. பிரதான இணையத்தளம் பாதிக்கப்படவில்லை. அந்த நாட்களில் தரவிறக்கியவர்களுக்குக் கெட்ட கோப்பு கிடைத்திருக்க ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு என்று தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள். இங்கே செக்சம் உண்மையிலேயே பயன் தந்தது, ஏனெனில் கோப்பு ஓரிடத்திலிருந்தும் எண் வேறிடத்திலிருந்தும் வந்தன. எனவே கணக்கிடுவதைவிட, ஒப்பிடும் எண்ணை எங்கிருந்து பெறுகிறோம் என்பதே பெரிய கேள்வி. வட்ஸ்அப் குழுவில் ஒரு செயலியை அனுப்பி, கீழே அதன் செக்சத்தையும் அனுப்புகிறவர் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. லினக்ஸ் மின்ட் இப்போது செக்சம் பட்டியலுக்கே டிஜிட்டல் கையொப்பம் இட்டு வெளியிடுகிறது. அந்தக் கையொப்பத்தைச் சரிபார்ப்பது தனிக் கட்டுரைக்கான விடயம்.

செக்சம் சரியென்றால் கோப்பு நல்லது என்றும் அர்த்தமில்லை. அந்த எண் எந்தக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டதோ அதே கோப்புதான் இது என்று மட்டுமே அது சொல்லும். வைரஸுக்கும் செக்சம் உண்டு.

பழைய முறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எம்டி5 முறையில் ஒரே விடை தரும் இரண்டு வெவ்வேறு கோப்புகளை உருவாக்க முடியும் என்பதை 2004இல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினார்கள். எஸ்எச்ஏ-1க்கும் 2017இல் அதே கதி. கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையமும் சேர்ந்து ஒரே செக்சம் கொண்ட இரண்டு பிடிஎஃப்களை வெளியிட்டன. டிஸ்க் பழுதாகியதா என்று பார்க்க எம்டி5 இன்றும் போதும். எதிரே ஒரு மனிதர் ஏமாற்ற முயல்கிறார் என்றால் போதாது. புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்எச்ஏ-256ஐயே எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பதிவேடுகளுக்கு வருகிறேன். பதினேழு படங்களில் பதினான்கைத் தீர்த்துக்கொண்டோம். மீதி மூன்றுக்கும் இரண்டு வடிவங்களையும் வைத்து, எது மூலம் என்று தெரியவில்லை என்ற குறிப்பையும் சேர்த்தோம். பிறகு எல்லாவற்றுக்கும் பட்டியல் எடுத்து, ஒரு பிரதியை இரண்டு டிஸ்க்குகளிலும் போட்டு, இன்னொன்றை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டேன். பட்டியல்களை யாராவது மாற்றினால் என்ன செய்வது என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி அதற்கும் ஒரு செக்சம் எடுத்தோம். அந்த 64 எழுத்துகளையும் நிர்வாக சபையின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பேனையால் எழுதி, தலைவரும் செயலாளரும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். எழுதும்போது செயலாளர் இரண்டு தடவை பிழைவிட்டு வெட்டி எழுதினார். மூன்றாவது தடவை நான் வாசிக்க அவர் எழுதினார். தம்பி கணனித் திரையைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தார்.

சென்ற மாதம் முதலாவது வருடாந்தச் சோதனையைச் செய்தோம். என்னிடமிருந்த டிஸ்க் முழுவதும் "ஓகே". காரியாலயத்து டிஸ்க்கில் இரண்டு படங்களுக்கு நேரே "ஃபெயில்ட்" வந்தது. அவற்றை என்னுடையதிலிருந்து மாற்றிவிட்டு, புது டிஸ்க் ஒன்றுக்குச் சபையிடம் காசு கேட்டிருக்கிறோம்.